விமான தரிசனம் மட்டும் போதுமா?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மிலிட்டரி பிளேன் ஒன்று தாழப் பறந்து போனால் ஒரு தெருவே வெளியே வந்துவிடும். மேற்கே மலை நிற்பதால் எந்தத் திசையிலிருந்து சத்தம் வருகிறது என்று சட்டெனத் தெரியாது. நாலு பக்கமும் தேடுவோம். யாராவது ஒருவர் "அந்தா, அந்தா" என்று கையை நீட்டிய பிறகுதான் கண்ணில் படும். சின்னப் பிள்ளைகள் கையை ஆட்டுவார்கள். பெரியவர்கள் நெற்றிமேல் கையை வைத்துக்கொண்டு, அது புள்ளியாகி மறையும்வரை பார்ப்பார்கள். அப்புறம் ஐந்து நிமிடம் அதைப் பற்றித்தான் பேச்சு.

அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. நம்மோடு வேலை செய்யும் மாணவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் இரண்டு விதமான பதில் வருகிறது. சிலருக்கு அது முழுக்கக் கெத்து. வீடியோ எடுத்து, பின்னால் ஒரு பாட்டைப் போட்டு, ஸ்டேட்டஸ் வைத்துவிட்டால் முடிந்தது. வேறு சிலருக்கு அது போர்வெறி விளம்பரம். அதை ரசிப்பதே தப்பு, நம் அரசியலுக்கு ஆகாது என்பார்கள். இரண்டு தரப்பிடமும் நமக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. அந்தச் சிலிர்ப்பு நமக்கு உரியது, அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் வெறும் பார்வையாளராக அதோடு நின்றுவிடக் கூடாது.

சிலிர்ப்பில் தப்பில்லை

பெரிய விமானத்தைப் பார்த்து உடம்பு சிலிர்ப்பதற்குக் காரணம் உண்டு. புரொப்பெல்லர் வைத்த சரக்கு விமானத்தின் சத்தம் கனத்த அடிக்குரல். அந்த மாதிரித் தாழ்ந்த ஒலி காற்றில் சீக்கிரம் கரையாமல் வெகுதூரம் வரும். காதில் கேட்பதோடு நெஞ்சுக்கூட்டிலும் தகரக் கூரையிலும் அதிரும். இன்னொன்று, பெரிய உருவம் எவ்வளவு வேகமாகப் போனாலும் நம் கண்ணுக்கு மெதுவாகப் போவது போலத்தான் தெரியும். இவ்வளவு கனமான சாமான் இவ்வளவு நிதானமாகப் போகிறதே, விழாமல் எப்படி நிற்கிறது என்று மனசு திகைக்கிறது.

கோவை சூலூர் விமானப்படைத் தளத்தில் ஆன்டனோவ்-32 சரக்கு விமானங்கள் இருக்கின்றன. இரண்டு என்ஜினையும் றெக்கைக்கு மேலே தூக்கி வைத்திருக்கும் அமைப்பை வைத்தே அதை அடையாளம் சொல்லிவிடலாம். ஒரு றெக்கை முனையிலிருந்து மறு முனைக்கு 29 மீட்டர். அதைவிடப் பல மடங்கு பெரியது சி-17 குளோப்மாஸ்டர். நான்கு ஜெட் என்ஜின், 53 மீட்டர் நீளம், முழுச் சுமையோடு கிளம்பும்போது 265 டன் எடை. பத்து டன் லோடு ஏற்றிய லாரிகளில் 26 லாரி லோடு சேர்ந்தால் எவ்வளவோ அவ்வளவு. தெற்கு விமானப்படைக் கட்டளையகம் 1984 முதல் திருவனந்தபுரத்தில் இயங்குகிறது. தஞ்சாவூரில் 2020 ஜனவரி முதல் சுகோய்-30 போர் விமானப் பிரிவு இருக்கிறது. சூலூர், தஞ்சாவூர், திருவனந்தபுரம் மூன்றுக்கும் நடுவே மலையடிவாரத்தில் இருக்கிறோம் நாம்.

இந்தச் சிலிர்ப்பில் நமக்கென்று கூடுதலாக ஒன்று இருக்கிறது. ஊருக்குள் வந்தால் குனிந்து போ, சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போ, செருப்பைக் கையில் தூக்கிக்கொள் என்று நம் தாத்தாக்களுக்குச் சொல்லப்பட்டது. தலையை நிமிர்த்தியதற்காகவே அடி வாங்கியவர்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். தேர் எந்தத் தெரு வழியாகப் போகும், சப்பரம் எங்கே திரும்பும், பிணத்தை எந்தப் பாதையில் தூக்கிப் போகலாம் என்பதற்கெல்லாம் தென்மாவட்டங்களில் எத்தனை பஞ்சாயத்து, எத்தனை சமாதானக் கூட்டம், எத்தனை வழக்கு! விமானத்துக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஊர்த் தெருவுக்கு மேலே போகிற மாதிரியே காலனிக்கு மேலேயும் போகிறது. ஊரும் காலனியும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி ஒரே பக்கம் பார்க்கிற சந்தர்ப்பம் நம் பகுதியில் அடிக்கடி வருவதில்லை. அதனால் அண்ணாந்து பார்க்கும் பிள்ளையைப் பிடித்து ஏகாதிபத்தியப் பாடம் நடத்தாதீர்கள். அந்தப் பிள்ளை பார்க்கட்டும்.

கோபுரமும் விமானமும்

கதை அதோடு முடிந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. தமிழில் விமானம் என்றால் பறக்கும் ஊர்தி மட்டுமில்லை. கோயில் கருவறைக்கு மேல் எழும்பி நிற்கும் கட்டுமானத்துக்கும் விமானம் என்றுதான் பெயர். ஸ்ரீவில்லிபுத்தூரில் வளர்கிறவர்களுக்கு அண்ணாந்து பார்க்கும் பழக்கத்தை முதலில் சொல்லிக் கொடுப்பது பிளேன் இல்லை, 11 நிலைகளும் 192 அடி உயரமும் கொண்ட ராஜகோபுரம். அரசு முத்திரையில் இருக்கும் கோபுரம் நம் ஊர்க் கோபுரம் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லித் தந்தார்கள்.

"கோபுர தரிசனம் கோடிப் புண்ணியம்" என்று ஒரு பழமொழி உண்டு. இதை யாருக்காகச் சொன்னார்கள் என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே போய் நிற்க முடிந்தவனுக்குக் கோபுர தரிசனம் எதற்கு? வாசலோடு நிறுத்தப்பட்டவனுக்குத்தான் அது தேவைப்பட்டது. உள்ளே வராதே, வெளியே நின்றே பார், அதுவே கோடிப் புண்ணியம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் அழைத்துப் போனவர்களில் ஒருவர் கக்கன். அந்தத் தேதிக்கு முன்னால் பிறந்து வாழ்ந்து செத்த நம் தலைமுறைகளுக்கு அந்தக் கோயில் என்றால் கோபுரம் மட்டும்தான்.

அது பழைய கதை என்று சொல்ல முடியாது. 2024 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் இசைஞானி இளையராஜா அர்த்த மண்டப வாசலில் நிறுத்தப்பட்ட காட்சி நாடு முழுக்கப் பரவியது. அர்ச்சகர் முதலானோர் தவிர வேறு யாரும் அதற்குள் போவதில்லை, அதுதான் மரபு என்று விளக்கம் வந்தது. விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் அடுத்த கேள்வி மிச்சம் இருக்கிறது. அர்ச்சகர் ஆவது யார்? யாருடைய பிள்ளை அந்த வாசலுக்கு உள்ளே வளர்கிறது, யாருடைய பிள்ளை வெளியே நின்று கும்பிட்டு வளர்கிறது?

வானத்து விமானத்தைப் பற்றியும் இதே கேள்வியைத்தான் நாம் கேட்கிறோம். வெளியே நின்று பார்ப்பதில் நமக்குத் தடை கிடையாது. கைதட்டலாம், படம் எடுக்கலாம், கொடி அசைக்கலாம். தரிசனம் இலவசம்.

அந்த இலவச தரிசனம் எப்படி இருக்கும் என்பதை 2024 அக்டோபர் 6 ஞாயிற்றுக்கிழமை சென்னை மெரினாவில் பார்த்தோம். விமானப்படையின் 92-ஆம் ஆண்டையொட்டி 72 விமானங்கள் சாகசம் காட்டின. ரஃபேல் வந்தது, தேஜஸ் வந்தது, சூரியகிரண் குழு வந்தது. லட்சக்கணக்கில் மக்கள் திரண்டார்கள். முக்கியப் பிரமுகர்களுக்குப் பந்தல் இருந்தது. மற்றவர்கள் நடுப்பகல் வெயிலில் மணலில் நின்றார்கள். தண்ணீர் கிடைக்கவில்லை, திரும்பிப் போக ரயிலில் ஏற முடியவில்லை. 5 பேர் இறந்துபோனார்கள். 200 பேருக்கு மேல் மயங்கி விழுந்தும் நசுங்கியும் சிகிச்சைக்குப் போனார்கள். எல்லோரும் கலைந்த பிறகு அந்த மணலைக் கூட்டி அள்ளியவர்கள் தூய்மைப் பணியாளர்கள். அவர்கள் யார், எந்தச் சேரியிலிருந்து வருகிறார்கள் என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வானத்தில் இருந்தவர்களுக்கு ஒரு நிமிடம்கூடப் பிசகாத திட்டம் இருந்தது. தரையில் நின்றவர்களுக்கு ஒரு வாய்த் தண்ணீருக்குத் திட்டம் இல்லை.

வயிற்றுக்குள் என்ன இருக்கிறது?

பெரிய மிலிட்டரி விமானம் என்பது அடிப்படையில் ஒரு பெரிய வயிறு. அந்த வயிற்றுக்குள் என்ன ஏற்றியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கீழே இருப்பவருக்கு அது வரமா சாபமா என்பது முடிவாகும்.

1987 ஜூன் 4 அன்று ஐந்து ஆன்டனோவ்-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் காவலோடு யாழ்ப்பாணத்துக்குப் பறந்தன. 'பூமாலை' என்று பெயர். முற்றுகையில் பட்டினி கிடந்த மக்களுக்கு உணவும் மருந்தும் பாராசூட்டில் இறங்கின. தமிழ்நாடு முழுக்க அன்றைக்குச் சந்தோஷப்பட்டது. இரண்டு மாதம் முடிவதற்குள், ஜூலை 30 அன்று, அதே படையின் விமானங்கள் பலாலியில் அமைதிப்படையை இறக்கின. அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் போர் நடந்தது. விமானப்படை அதேதான், கீழே இருந்த மக்களும் அதே மக்கள்தான். வயிற்றுக்குள் இருந்த சரக்கு மட்டும் மாறிவிட்டது.

இலங்கை விமானப்படை ஒய்-8, ஒய்-12 என்ற சீனச் சரக்கு விமானங்களிலிருந்தே குண்டுகளைத் தள்ளிவிட்டது. மூட்டை ஏற்ற வேண்டிய வயிற்றில் குண்டு ஏற்றினார்கள். 1995 ஜூலை 9 அன்று நவாலி புனித பேதுரு தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் மேல் விமானப்படை குண்டு போட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். நம் விருதுநகர் மாவட்டத்து முகாம்களில் அந்த நாட்களைக் கடந்து வந்த ஈழத் தமிழர்கள் இன்றும் வாழ்கிறார்கள். விமானச் சத்தம் கேட்டால் நாம் வீட்டைவிட்டு வெளியே ஓடி வருகிறோம். அவர்கள் அங்கே பதுங்கு குழிக்குள் ஓடினார்கள். ஒரே சத்தம்தான்.

இது ஏதோ அயல்நாட்டுக் கொடுமை என்று நினைத்துவிட வேண்டாம். 1966 மார்ச் 5 அன்று இந்திய விமானப்படை மிசோ மலையில் ஐசால் நகரத்தின் மேல் குண்டு வீசியது. சொந்த நாட்டு மக்கள், பழங்குடி மக்கள். நம் பாடப்புத்தகத்தில் அந்தத் தேதியை நாம் பார்த்ததில்லை.

சி-17 விமானத்தையே எடுத்துக்கொள்வோம். 2021 ஆகஸ்டில் காபூலிலிருந்து அமெரிக்க சி-17 ஒன்று 823 பேரைத் தரையில் உட்காரவைத்து ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அடுத்த நாள் வேறொரு சி-17-இன் வெளிப்பக்கத்தில் தொற்றிக்கொண்டவர்கள் வானத்திலிருந்து விழுந்தார்கள். 2025 பிப்ரவரி 5 அன்று அதே ரக விமானம் அமிர்தசரஸில் இறங்கியது. உள்ளே அமெரிக்கா திருப்பி அனுப்பிய 104 இந்தியர்கள் இருந்தார்கள். கையில் விலங்கு, காலில் சங்கிலி. நிலத்தை விற்று, கடன் வாங்கி வேலை தேடிப் போனவர்களுக்கு அந்தப் பிரம்மாண்டமான விமானம் ஒரு பறக்கும் ஜெயில்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கியபோது விமானப்படை ஹெலிகாப்டர்கள் உணவுப் பொட்டலம் போட்டன. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு மாட்டிக்கொண்டவர்களில் சிலரைத் தூக்கிக் கரை சேர்த்தன. அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கண்ணீர் விட்டவர்கள் இருக்கிறார்கள், அந்தக் கண்ணீர் நியாயமானது. ஆனால் மேலிருந்து விழும் பொட்டலம் சாதி பார்க்காது என்றாலும், கீழே அதை எடுத்துப் பங்கு வைப்பவர்கள் பார்க்கிறார்கள். 2004 சுனாமி நிவாரணத்தில் தலித்துகள் எப்படி ஒதுக்கப்பட்டார்கள் என்பதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்து வைத்திருக்கின்றன. வானத்திலிருந்து வரும் உதவியும் கடைசியில் ஊர்-சேரி நிலத்தில்தான் இறங்க வேண்டியிருக்கிறது.

நம் மாவட்டத்துக்குச் சத்தம் புதிதில்லை

வெடிச்சத்தத்தைப் பற்றி உலகத்துக்கே பாடம் எடுக்கும் அளவுக்கு அனுபவம் உள்ள மாவட்டம் நம்முடையது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்தில் 'டம்' என்று ஒரு சத்தம் கேட்டால் யாரும் முதலில் வானத்தைப் பார்ப்பதில்லை. எந்தப் பக்கம் புகை எழும்புகிறது என்றுதான் பார்ப்பார்கள். அந்தப் பக்கம் வேலைக்குப் போன அம்மாவுக்கு, அக்காவுக்கு போன் போடுவார்கள். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி. 30-க்கும் மேற்பட்ட உயிர்கள். 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம், மறுபடியும் உயிர்கள். இடையிலும் பிறகும் நடந்தவை எத்தனையோ. மருந்து கலக்கும் அறையில் நிற்பவர்களில் நம் மக்கள் எவ்வளவு பேர் என்பது அந்தந்த ஊர்க் காலனிக்குப் போனால் தெரியும்.

இதே மாவட்டத்தில், ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி இருக்கிறது. மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்வதில் நாட்டிலேயே பேர்போன ஊர். அங்கே தறியிலிருந்து இறங்கும் துணி வெளிநாடுகளுக்கும் போகிறது. எந்த ஆஸ்பத்திரியில், எந்தக் காயத்தின் மேல் அதைச் சுற்றுகிறார்கள் என்று நெய்தவருக்குத் தெரியாது. வெடிமருந்தையும் நம் மாவட்டம் செய்கிறது, காயத்துக்குக் கட்டும் துணியையும் நம் மாவட்டம் செய்கிறது. அதனால் குண்டு விழுந்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. பறக்கும் விமானத்தைப் பார்த்துச் சிலிர்க்கும் அதே மனசு, அது குண்டோடு போய் இறங்கும் இடத்தில் இருக்கும் மனுசரையும் நினைக்க வேண்டும். இது நமக்குக் கஷ்டமான வேலை இல்லை.

முன்சீட்டில் யார்?

வயிற்றைப் பார்த்தாயிற்று. இப்போது மூக்குப் பக்கம் வருவோம். ஓட்டுவது யார்?

ராணுவத்துக்கும் ஒடுக்கப்பட்டோர் விடுதலைக்கும் பழைய உறவு இருக்கிறது. புரட்சியாளர் அம்பேத்கர் 1891-இல் பிறந்தது மோவ் ராணுவக் குடியிருப்பில். அவர் அப்பா ராம்ஜி சக்பால் சுபேதார். ராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். ராணுவத்தில் கிடைத்த படிப்பும் சம்பளமும்தான் அந்தக் குடும்பத்துக்கு ஒரு பிடிமானமாக இருந்தன. நம் பக்கத்தில் மதராஸ் ராணுவத்திலும் அதன் சாப்பர்ஸ் பிரிவிலும் பறையர்கள் பெருமளவில் பணியாற்றினார்கள். பிறகு வெள்ளைக்காரன் 'போர்க்குணம் கொண்ட இனங்கள்' என்று ஒரு பட்டியலைக் கையில் எடுத்தான். 1890-களில் மகர்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. தென்னிந்தியரின் எண்ணிக்கையும் குறைந்தது. அந்தக் கதவைத் திறக்க அம்பேத்கர் விடாமல் வாதாடினார். 1941-இல் மகர் ரெஜிமென்ட் அமைந்தது.

அந்தப் பட்டியலின் வாசம் இன்னும் போகவில்லை. குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்கு ராஜ்புத், ஜாட், ஜாட் சீக்கியர் ஆகிய மூன்று பிரிவினரை மட்டும் எடுப்பதாக 2013-இல் ராணுவமே உச்ச நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. ஆனால் படைச் சேர்ப்பில் எஸ்.சி., எஸ்.டி. இடஒதுக்கீடு கேட்டால், சாதி பார்த்து ஆள் எடுப்பதில்லை என்று பதில் வரும். ஒரு பக்கம் சாதி இருக்கலாம், இன்னொரு பக்கம் சாதியே கிடையாதாம்!

நம் தென்மாவட்டங்களிலும் 'வீரப் பரம்பரை', 'ஆண்ட பரம்பரை' என்று போஸ்டர் அடிப்பவர்களுக்குக் குறைவில்லை. அவர்களுக்கு விமானம் ஒரு நல்ல பதில் வைத்திருக்கிறது. அதை ஓட்ட மீசை உதவாது, பாட்டன் பேர் உதவாது. கணக்கும் இயற்பியலும் உதவும். காற்று எவ்வளவு வேகத்தில் றெக்கையைத் தாண்டினால் எவ்வளவு எடை தூக்கும் என்ற சமன்பாடு யார் பிள்ளை போட்டாலும் ஒரே விடைதான் தரும்.

அதனால்தான் இந்த விஷயம் கடைசியில் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டில் வந்து நிற்கிறது. தேசியப் பாதுகாப்பு அகாதமி வழியாக விமானப்படைக்குப் போக பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்திருக்க வேண்டும். பட்டப்படிப்புக்குப் பிறகு விமானி ஆவதற்கான தேர்வுக்கும் பிளஸ் டூவில் கணிதத்திலும் இயற்பியலிலும் தலா 50 சதவீதம் கேட்கிறார்கள். அதாவது ஒரு பிள்ளை விமானி ஆகலாமா கூடாதா என்பதில் பாதி முடிவு பதினைந்து வயதில், மே மாதம், ஏதோ ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் எடுக்கப்படுகிறது. "உனக்கு ஃபர்ஸ்ட் குரூப் தாங்காதும்மா, தேர்ட் குரூப் எடுத்துக்கோ" என்று ஒருவர் அக்கறையோடு சொல்வார். "வொகேஷனல் போ, சீக்கிரம் வேலை கிடைக்கும்" என்பார் இன்னொருவர். காலனிப் பிள்ளைகளுக்கு இந்த அக்கறை கொஞ்சம் அதிகமாகவே கிடைக்கிறது. தேர்ட் குரூப் மட்டமான படிப்பு என்று நாம் சொல்லவில்லை. பிடித்து எடுத்தால் நல்லது. தள்ளிவிடப்பட்டு எடுத்தால் அந்தப் பிள்ளைக்கு வானம் அன்றைக்கே மூடிவிட்டது, அதை யாரும் அந்தப் பிள்ளையிடம் சொல்வதுகூட இல்லை.

அடுத்த தடை மொழி. அகாதமித் தேர்வின் வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான். தமிழ் வழியில் படித்த நம் பிள்ளைக்கு முதல் தாளிலேயே சறுக்கு மரம். அதற்கடுத்தது 'அக்னிபாத்'. 2022 ஜூனில் அறிவித்த அந்தத் திட்டப்படி நான்கு வருடம் வேலை, அதன் பிறகு 25 சதவீதம் பேர் வரை மட்டும் நிரந்தரம். மற்றவர்கள் கையில் 11.71 லட்சம் ரூபாயோடு வீட்டுக்கு, பென்ஷன் கிடையாது. ஒரு தலைமுறை படிப்பதற்குப் பட்டாளத்துப் பென்ஷன் எவ்வளவு கைகொடுத்தது என்று நம் தெருவில் வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதிகாரி ஆகும் வழி அடைபட்டு, அக்னிவீர் வழி மட்டும் திறந்திருந்தால் அதற்குப் பேர் வாய்ப்பு இல்லை.

வழி இல்லாமலும் இல்லை. ஒடிசாவின் மல்கன்கிரியிலிருந்து வந்த ஆதிவாசிப் பெண் அனுப்பிரியா லக்ரா, ஒரு போலீஸ்காரரின் மகள், 2019-இல் பயணிகள் விமானத்தின் துணை விமானி ஆனார். உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு தேசியப் பாதுகாப்பு அகாதமி பெண்களுக்குத் திறந்தது. 2025 மே மாதம் முதல் அணியில் 17 பெண்கள் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். தனியாரில் விமானி ஆவதற்குப் பல லட்சங்கள் வேண்டும். அகாதமி வழியில் பயிற்சிக்குக் காசு கட்ட வேண்டியதில்லை, அதன் தேர்வுக்கு எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களிடமும் பெண்களிடமும் விண்ணப்பக் கட்டணம் வாங்குவதுமில்லை. இந்த ஒரு தகவல் நம் காலனிகளில் எத்தனை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரியும்?

குண்டு போடும் படையில் நம் பிள்ளையைச் சேர்ப்பதா என்று ஒரு தோழர் கேட்பார். நல்ல கேள்வி. பட்டாளத்துக்குப் போவதும் போகாததும் அந்தப் பிள்ளை வளர்ந்த பிறகு எடுக்க வேண்டிய முடிவு. போகலாம், பயணிகள் விமானம் ஓட்டலாம், விமானம் வடிவமைக்கலாம், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில் உட்காரலாம். எனக்கு வேண்டாம் என்று மறுக்கவும் செய்யலாம். மறுப்பதற்கும் முதலில் கதவு திறந்திருக்க வேண்டும். உள்ளே போக முடியாதவன் 'நான் போகவில்லை' என்று சொன்னால் அதைக் கொள்கை என்று யாரும் மதிக்க மாட்டார்கள். யாருக்கு எதிராக, எதை ஏற்றிக்கொண்டு பறக்கிறோம் என்று கேட்கிற குரல் அந்த அறைக்கு உள்ளேயிருந்து வந்தால் அதற்கு எடை அதிகம்.

இனி செய்ய வேண்டியவை

கல்லூரியில் படிக்கும் தோழர்களுக்கு மூன்று வேலை வைக்கிறோம். பெரிய வேலை எதுவும் இல்லை.

மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரம் உங்கள் காலனியில் இருங்கள். பிளஸ் ஒன் சேர்க்கைக்குப் போகும் பிள்ளையோடும் பெற்றோரோடும் கூடப் போங்கள். பிள்ளை கேட்கும் குரூப்பைக் கொடுக்க மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதிக் கேட்டாலே பாதி மறுப்பு காணாமல் போகும்.

மாலை வகுப்பு நடத்துகிறவர்கள் வாரத்தில் ஒரு நாளைக் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் ஒதுக்குங்கள். பிளேன் போனால் வகுப்பை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளோடு வெளியே வந்து பாருங்கள். எத்தனை என்ஜின், என்ன உயரம், என்ன வேகம் என்று கேளுங்கள். சத்தம் ஒரு பக்கமும் விமானம் ஒரு பக்கமும் ஏன் இருக்கிறது என்று கேளுங்கள். ஒலியின் வேகத்தைப் பாடமெடுக்க அதைவிட நல்ல உபகரணம் கிடைக்காது.

மூன்றாவது, நம் மாவட்டத்தில் உள்ள ஈழத் தமிழர் முகாம்களுக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள். விமானச் சத்தத்தை அவர்கள் எப்படிக் கேட்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அதைப் படித்த பிள்ளை அடுத்த முறை வானத்தைப் பார்க்கும்போது றெக்கையை மட்டும் பார்க்காது.

கோபுரத்தை வெளியே நின்று கும்பிட்டுப் போகச் சொன்ன காலத்தில் நம் முன்னோர் வாசலைத் தாண்டினார்கள். தரிசனத்தோடு நின்றிருந்தால் இன்றைக்கும் தெருவில்தான் நின்றிருப்போம். இந்த விமானத்துக்கும் ஒரு வாசல் இருக்கிறது. அது ஃபர்ஸ்ட் குரூப் வகுப்பறை வழியாகப் போகிறது. இந்த மே மாதம் அந்த வாசலில் போய் நிற்போம்.

ஜெய்பீம்!